ஒரே ஓட்டம், இரண்டு தீர்ப்பு

புதுச்சேரியில் கதிர்காமத்திலிருந்து உப்பளம் மைதானத்துக்குப் பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா. இருவரும் ஓடியது 800 மீட்டர். ஏழை வீட்டில் பிறந்த இருவரும் பெண்ணாகவே வளர்ந்தவர்கள். ஊக்கமருந்து எடுத்ததாக இவர்கள் மீது குற்றச்சாட்டு இல்லை.

சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி அவர் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனை நடந்தது. அதன் முடிவு ஊடகங்களில் கசிந்தது, பதக்கம் பறிபோனது. ஆண்களிடம் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீர் இத்தனை அளவு இருந்தால் ஓடக்கூடாது என்று வரையறுத்த விதி எதுவும் அப்போது தடகளத்தில் கிடையாது. எல்லைக்கோடே போடாமல் ஒருவரை எல்லை தாண்டியவர் என்றார்கள்.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசைத் தயங்காமல் கொடுத்தார். ஆனால் சாந்திக்காக முறையிட்டிருக்க வேண்டிய விளையாட்டு நிர்வாகம் வாய் திறக்கவில்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு பயிற்றுநர் படிப்பை முடித்து, நீண்ட போராட்டத்துக்குப் பின்னரே தமிழக அரசின் விளையாட்டு ஆணையத்தில் நிரந்தர வேலை பெற்றார்.

2009-இல் பெர்லின் உலகப் போட்டியில் 18 வயது செமன்யா 1:55.45-இல் தங்கம் வென்றபோதும் அதே பரிசோதனை, அதே கசிவு. ஆனால் அவருடைய நாடு அவர் பின்னால் நின்றது. 2010 ஜூலையில் மீண்டும் ஓட அனுமதி கிடைத்தது, பதக்கமும் அவரிடமே இருந்தது. அடுத்து 2012, 2016 ஒலிம்பிக் தங்கங்கள். (2012-இல் முதலில் வந்த ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்தில் சிக்கியதால் அந்தத் தங்கம் பின்னர் கைக்கு வந்தது.)

2018-இல் புதிய விதி வந்தது. இயல்பிலேயே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் சுரக்கும் உடற்கூறு உள்ளவர்கள் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான பெண்கள் போட்டிகளில் ஓட, டெஸ்டோஸ்டிரோன் அளவை மருந்தால் லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இறக்க வேண்டும். செமன்யா மறுத்து வழக்காடினார். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்திலும் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்திலும் தோற்றார். விதியோ மேலும் இறுகியது. 2023-இல் வரம்பு 2.5 ஆகக் குறைந்து எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு விதியை நீக்கவில்லை.

இந்தியாவும் ஒருமுறை சரியாக நடந்துகொண்டது. 2014-இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்காகத் தடுக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. அடுத்த ஆண்டே நடுவர் மன்றம் அப்போதைய டெஸ்டோஸ்டிரோன் விதியை நிறுத்திவைத்தது.

2025 செப்டம்பர் முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறச் செல்லோ ரத்தமோ எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை செய்வது. மாநிலப் போட்டி தாண்டும் பெண்ணுக்குப் பயிற்றுநர் இதை முன்கூட்டியே விளக்கட்டும். முடிவு அவளுக்கும் அவள் மருத்துவருக்கும் மட்டுமே தெரியட்டும். கூடவே, சாந்தியின் வெள்ளியைத் திருப்பித் தரும்படி இந்திய ஒலிம்பிக் சங்கம் இப்போதாவது எழுதிக் கேட்க வேண்டும்.