கிழட்டு விமானமும் கிரேஸ் அம்மாளும்

உங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் லாரி நிறைய உடைசல் சாமான்களைக் கொண்டு வந்து வாசலில் இறக்கி, "இது ஓர் ஆகாய விமானம். இதை நான் பறக்க விடப் போகிறேன்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? வேண்டாம், அதையெல்லாம் இங்கே அச்சிட முடியாது!

இங்கிலாந்தில் நிக் கிரேஸ் என்ற எஞ்சினீயர் 1979-ல் அந்தக் காரியத்தைத்தான் செய்தார். அவர் வாங்கியது எம்.எல். 407 என்ற எண் கொண்ட ஸ்பிட்பயர் சண்டை விமானம். இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரின் விமானங்களை எதிர்த்து நின்ற ஜாதி. மொத்தம் 20,000-க்கு மேல் செய்தார்கள். இன்று பறக்கக் கூடியவை நூறைக்கூட எட்டா.

இந்த விமானத்துக்கும் பெண்களுக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம் இருக்க வேண்டும். 1944 ஏப்ரல் 29-ந் தேதி இதைத் தன்னந்தனியாக ஓட்டிச் சென்று நியூஜிலாந்துப் படைப் பிரிவிடம் ஒப்படைத்தவர், ஜாக்கி என்ற தென்னாப்பிரிக்க யுவதி. ரேடியோ கிடையாது; கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஜூன் மாதம் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, ஜெர்மன் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்திப் பேர் வாங்கியது நம் விமானம். யுத்தம் முடிந்ததும் இன்னோர் ஆசனம் வைத்து, அயர்லாந்து விமானப் படையில் பயிற்சிக்கு விட்டார்கள்.

பொருட்காட்சிச் சாலையில் நிறுத்தி வைப்பதானால் நாலு கை வர்ணம் போதும். பறப்பதென்றால் அப்படி நடக்குமா? ஒவ்வொரு தகட்டையும் கழற்றிப் பார்த்து, அரித்ததைப் புதிதாகச் செய்ய வேண்டும். இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஓடும் சட்டம், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. அதில் கொஞ்சம் பழுது இருந்தாலும் ஆபத்து. நிக் ஐந்து வருஷம் பாடுபட்டார். 1985 ஏப்ரலில் விமானம் எழும்பியபோது பின் ஆசனத்தில் இருந்தவர் அவர் மனைவி கரோலின்.

மூன்றே வருஷம். 1988-ல் நிக் கார் விபத்தில் இறந்தார். கரோலினுக்கு இரண்டு சிறு குழந்தைகள். விமானத்தை விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் விற்கவில்லை. சிறு விமானம் ஓட்டத் தெரியும். ஆனால் ஸ்பிட்பயர் பொல்லாதது. தரையில் ஓடும்போது மூக்கு நிமிர்ந்து எதிரே இருப்பதை மறைத்து விடும். பாம்பு போல் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அதிக நேரம் தரையில் தாமதித்தாலோ எஞ்சின் கொதித்து விடும்! 1990-ல் கரோலின் தனியாக அதை ஓட்டினார். அதன் பிறகு பல்லாண்டு காலம் விமானக் காட்சிகளில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தது இவரைத்தான்.

2022 டிசம்பரில் கரோலினும் ஆஸ்திரேலியாவில் ஒரு கார் விபத்தில் காலமானார். கணவருக்கும் கார், மனைவிக்கும் கார்! விமானம் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

ஜாக்கி என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1994-ல், தாம் ஒப்படைத்து ஐம்பது வருஷம் கழித்து, அதே விமானத்தில் கரோலினோடு பறந்தார். 2004-ல் அவர் மறைந்ததும் அவருடைய அஸ்தியை அந்த விமானத்திலேயே எடுத்துச் சென்று, வானிலிருந்து தூவி விட்டு வந்தார் கரோலின்.