வராத பெட்டியும் 21 நாள் கணக்கும்

மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றிய காலத்தில், டிசம்பர் இறுதியில் ஒருநாள் காலை, நெடுநாள் வாடிக்கையாளர்களான முதிய தம்பதியர் கிளைக்கு வந்தனர். விடுமுறைக்காகக் கனடாவிலிருந்து வந்த அவர்களுடைய மகளின் பெட்டி ஒன்று வந்து சேரவில்லை. துணிமணிகள் போனால் போகட்டும் என்ற மனநிலையில்தான் இருந்தனர். ஆனால் தாயும் மகளும் கூட்டாக வைத்திருந்த லாக்கரின் சாவி அந்தப் பெட்டியில் இருந்தது.

சாவி கிடைக்காத நிலையை எழுத்து மூலம் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், லாக்கரைத் திறந்து பூட்டை மாற்றும் செலவு வாடிக்கையாளரையே சாரும் என்பதையும் விளக்கினேன். பின்னர், மகள் வந்த நாளையும் திரும்பும் நாளையும் கேட்டேன். டிசம்பர் 24 அன்று வந்தவர் ஜனவரி 10 அன்று புறப்படுகிறார் என்றனர். ஆக, 17 நாட்கள். பெட்டி தொலைந்துவிட்டதாகக் கொள்வதற்குச் சர்வதேச விதி குறிக்கும் காலமோ 21 நாட்கள்.

விடுமுறைக்கு வருவோர் பலருக்கும் நேரும் சிக்கல் இதுவே. பெட்டியின் கதி தெரியும் முன்பே பயணி திரும்பிவிடுகிறார். எஞ்சிய பணி இங்குள்ள உறவினர் பொறுப்பாகிறது. அதனை முறையாகச் செய்ய அறிந்திருக்க வேண்டியவற்றைக் காண்போம்.

விமான நிலையத்திலேயே செய்ய வேண்டியவை

பெட்டி வரவில்லை எனத் தெரிந்தவுடன், வெளியே வரும் முன்னரே, பயணி விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது தரப்படும் அறிக்கையைப் பி.ஐ.ஆர். என்பர். எழுத்துகளும் எண்களும் கலந்த குறிப்பு எண் ஒன்று அதில் இருக்கும். பெட்டியின் நிலையை இணையத்தில் அறிய அது உதவும். பல நிறுவனங்களின் விமானங்களில் மாறி வந்திருந்தால், இறுதியாக அழைத்து வந்த நிறுவனத்திடம் புகார் அளிப்பதே வழக்கம்.

அறிக்கையில் இங்குள்ள உறவினரின் முகவரியும் கைபேசி எண்ணும் இடம்பெறட்டும். பெட்டிச் சீட்டு, போர்டிங் பாஸ், அறிக்கை ஆகிய மூன்றையும் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பிவிடுவது நல்லது. பெட்டி வரவில்லை என்பதற்கு விமான நிறுவனம் தரும் சான்றில், பயன்படுத்தாத சுங்கச் சலுகையைக் குறிப்பிட்டுச் சுங்க அதிகாரியின் மேலொப்பத்தையும் பெற வேண்டும். பெட்டி பின்னர் வரும்போது அச்சலுகையைப் பெற இது துணைபுரியும்.

ஊர் திரும்பும் முன்

விமான நிறுவனம் பயணியிடம் மட்டுமே பேச முற்படலாம். எனவே, தம் சார்பில் பெட்டியைப் பெறவும் தகவல் கேட்கவும் உறவினருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தை, கையொப்பமிட்டு, கடவுச்சீட்டு நகலுடன் பயணி விட்டுச் செல்ல வேண்டும். பூட்டிய பெட்டி எனில் அதன் சாவியும் உறவினரிடம் இருக்கட்டும். பெட்டி இல்லாததால் வாங்க நேர்ந்த உடைகள், மருந்துகள் ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

சர்வதேசப் பயணங்கள் பெரும்பாலானவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவில் இது 2009 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி:

• பெட்டி சேதமடைந்து வந்தால், பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும்.

• தாமதமாக வந்தால், பெட்டி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தாமதத்துக்கான புகாரை அளிக்க வேண்டும்.

• வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வரவில்லையெனில், அது தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம்.

• வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு 2 ஆண்டுகள்.

விமான நிலையத்தில் பதிந்த அறிக்கையே இழப்பீட்டுக் கோரிக்கை ஆகிவிடாது. கோரிக்கையை ரசீதுகளுடன் தனியே அனுப்ப வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கான உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். ஆகும். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான இதன் மதிப்பு மாறக்கூடியது. மேற்கண்ட தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் எனலாம். இது உச்சவரம்பே, நிரூபிக்கப்படும் இழப்புக்கு ஏற்பவே தொகை கிடைக்கும். நிறுவனத்தின் பதில் நிறைவளிக்காவிட்டால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம்.

வங்கி தொடர்பான எச்சரிக்கைகள்

காணாமற்போன பெட்டியில் காசோலைப் புத்தகமோ டெபிட் கார்டோ இருந்தால், பெட்டி கிடைக்குமா எனக் காத்திராமல், காசோலைகளுக்குப் பணம் வழங்குவதை நிறுத்தவும் கார்டை முடக்கவும் உடனே கோருங்கள். பயணச்சீட்டை வாங்கிய கிரெடிட் கார்டில் பயணப் பெட்டிக்கான காப்பீடு உள்ளதா என்றும் பாருங்கள். இழப்பீடு இங்கே ரூபாயாகத் தரப்பட்டால், வெளிநாடு வாழ் இந்தியர் அதனைத் தமது என்.ஆர்.ஓ. கணக்கில் பெறுவதே முறை.

மோசடிக்காரர்கள் எதிர்பார்த்திருப்பதும் இத்தகைய பதற்றத்தைத்தான். இணையத் தேடலில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்கள் போலியாக இருக்கலாம். பயணச்சீட்டிலோ நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்திலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். பணத்தைப் பெறுவதற்கு ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. ரகசிய எண்ணோ தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

அந்தத் தம்பதியரின் பெட்டி ஜனவரி 12 அன்று வீடு வந்து சேர்ந்தது. மகள் புறப்பட்டு இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அவர் எழுதிவைத்த கடிதத்தைக் காட்டித் தாயார் பெட்டியைப் பெற்றார். சாவி உள்ளேயே இருந்தது. பெட்டி கிடைத்த நிம்மதியில் மற்றதை மறந்துவிடுவோர் பலர். தந்தையோ பிப்ரவரி 2 என்ற கெடுவை நாட்குறிப்பில் எழுதிவைத்து, மகளின் மின்னஞ்சல் வழியாகக் கோரிக்கையை உரிய காலத்தில் அனுப்பச் செய்தார். உடைகளுக்கும் மருந்துகளுக்கும் ஆன செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

மறு விடுமுறையில் லாக்கரைத் திறக்க வந்த மகள், சாவியைத் தம் கைப்பையிலிருந்து எடுத்தார்.