கடலோரத்திலிருந்து கணவாய் வரை

பிரான்ஸ் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலை ஒட்டி நீஸ் என்னும் நகரம் உள்ளது. கோடைக்காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மோட்டார் சைக்கிள் பயணிகள் இங்கே வருகிறார்கள். காலையில் கடற்கரையை விட்டுப் புறப்பட்டால், அன்று நண்பகலுக்குள் ஆல்ப்ஸ் மலையின் உச்சிச் சாலை ஒன்றை எட்டிவிடலாம். கடலும் மலையும் இவ்வளவு நெருங்கி இருக்கும் இடங்கள் உலகில் மிகப் பல இல்லை.

இந்த நெருக்கத்துக்குக் காரணம் என்ன? ஆப்பிரிக்காவைச் சுமக்கும் நிலத்தட்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக வடக்கே நகர்ந்து ஐரோப்பாவை நெருக்கி வந்திருக்கிறது. அந்த நெருக்கலில் மடிந்து உயர்ந்த மலைத்தொடரே ஆல்ப்ஸ். வில்போல் வளைந்து செல்லும் அத்தொடரின் தென்மேற்கு முனை நீஸ் நகருக்கு அருகே கடலில் வந்து முடிகிறது.

பயணிகள் விரும்பிச் செல்லும் பாதைகளுள் ஒன்று போனெட் கணவாய்ச் சாலை. அது முதலில் வார் ஆற்றையும், பிறகு அதன் துணையாறான தினேயையும் ஒட்டிச் செல்கிறது. சேன்-எத்தியென் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. கணவாயின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,715 மீட்டர். அங்கிருந்து போனெட் சிகரத்தைச் சுற்றி வரும் ஒரு வளையச் சாலை 2,802 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. குளிர்காலம் முழுவதும் இச்சாலை பனியால் மூடிக் கிடக்கும். ஐரோப்பாவின் மிக உயரமான சாலை என்று இதனைச் சொல்வாரும் உண்டு. ஆனால் ஸ்பெயின் நாட்டில் வெலேட்டா சிகரத்தை நோக்கி ஏறும் சாலை இதைவிட உயரமானது.

இவ்வழியில் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புவது இன்பமான பயணம். அதே சமயம், ஓட்டுபவரின் உயிர் இயற்பியல் விதிகளை நம்பியிருக்கும் பயணமும்கூட. அந்த விதிகள் எவை என்று பார்ப்போம்.

மூச்சுத் திணறும் எஞ்சின்

மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் குறைகின்றன. 2,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றின் பருமன் மாறுவதில்லை. ஆனால் அந்தப் பருமனுக்குள் இருக்கும் ஆக்சிஜன் கால் பங்கு குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். ஆகவே எஞ்சினின் திறனும் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அதிகத் திறன் வேண்டியிருக்கும் வேளையில்தான் இந்தக் குறைவும் வந்து சேர்கிறது!

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கார்புரேட்டரின் குறுகிய குழாயில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறையும் அளவுக்கு, உறிஞ்சப்படும் பெட்ரோல் குறைவதில்லை. கலவையில் பெட்ரோல் மிகுந்து, முழுமையாக எரியாமல் கரும்புகை வருகிறது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது. இக்கால வண்டிகளில் உணர்விகள் காற்றின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து, தெளிக்கப்படும் பெட்ரோலின் அளவைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. கலவை சரியாக இருக்கும். எனினும் இல்லாத ஆக்சிஜனை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. ஆகவே திறன் இழப்பு இவற்றுக்கும் உண்டு.

உயரம் செல்லச் செல்லக் குளிரும் மிகுகிறது. சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5° செ. குறையும். நீஸ் நகரில் 28° செ. இருக்கும் நாளில் உச்சியில் சுமார் 10° செ. தான் இருக்கும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று உடலின் வெப்பத்தை மேலும் கவர்ந்து செல்கிறது. குளிரில் விறைத்த விரல்கள் பிரேக் பிடியை அழுத்தத் தாமதமாகும். கடற்கரை வெயிலில் புறப்படும்போதே அனுபவமுள்ளவர்கள் கம்பளிச் சட்டையையும் தடித்த கையுறையையும் பையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

இறங்கும்போது தீர்க்க வேண்டிய கணக்கு

ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று தோன்றும். உண்மையில் ஆபத்து மிகுதியாக இருப்பது இறக்கத்தில்தான்.

வண்டி, ஓட்டுபவர், மூட்டை எல்லாம் சேர்ந்து 300 கிலோகிராம் என்று கொள்வோம். 2,800 மீட்டர் உயரத்தில் அதன் நிலை ஆற்றலைக் காண, நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 300 × 9.8 × 2,800 = ஏறத்தாழ 82 லட்சம் ஜூல். கடற்கரைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தும்போது இந்த ஆற்றல் முழுவதும் செலவாகியிருக்க வேண்டும். ஆற்றலை அழிக்க முடியாது, உருமாற்றத்தான் முடியும். அது பெரும்பாலும் வெப்பமாகவே மாறுகிறது. இவ்வளவு வெப்பம் சுமார் 27 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேறு விதமாகச் சொன்னால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே வண்டியைச் சமதரையில் ஏறத்தாழ 200 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம்.

இந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் சக்கரங்களின் உருளல் தடையும் எடுத்துக்கொள்கின்றன. மீதியைப் பிரேக்குகள் மட்டுமே ஏற்க நேர்ந்தால் என்ன ஆகும்? பிரேக் தட்டு கடுமையாகச் சூடேறும். அந்தச் சூடு பிரேக்கில் உள்ள திரவத்துக்குப் பரவும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. டாட்-4 என்னும் வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230° செ. வரையிலாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் இந்த வரம்பு 155° செ. ஆகக் குறைந்துவிடுகிறது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் அது விரலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. குமிழிகளோ எளிதில் சுருங்கிவிடும். பிடியை முழுவதும் அழுத்தினாலும் வண்டி நிற்காது.

இதற்கு மாற்று எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால், விசைப்பிடியை மூடியவுடன் சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அடைபட்ட காற்று வழிக்கு எதிராகப் பிஸ்டன் காற்றை இழுப்பதிலும், எஞ்சினின் உள் உராய்விலும் ஆற்றல் செலவாகும். அந்த வெப்பத்தை எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பு எளிதாக வெளியேற்றிவிடும். பிரேக்குகள் தேவையான கணத்துக்காகக் குளிர்ந்து காத்திருக்கும்.

கொண்டை ஊசி வளைவு

மலைச்சாலையின் அடுத்த சோதனை வளைவு. வளைவில் திரும்பும் வண்டிக்கு மையநோக்கு விசை ஒன்று வேண்டும். அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. இவ்விசை வண்டியின் அடியில் உள்நோக்கித் தள்ளுவதால், வண்டி நிமிர்ந்து நின்றால் வெளிப்பக்கம் கவிழ்ந்துவிடும். எனவே ஓட்டுபவர் வண்டியை உள்பக்கம் சாய்த்து, அதன் எடையைக் கொண்டு இதனைச் சமன் செய்கிறார்.

எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு ஆகும். சமதளமான வளைவில் தேவைப்படும் உராய்வுக் குணகமும் அதே எண்தான்.

20 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சாய்வு ஏறத்தாழ 20 பாகை. தேவையான உராய்வுக் குணகம் 0.35. வேகம் 40 ஆனால் சாய்வு 32 பாகை, குணகம் 0.63. வேகம் 50 ஆனால் சாய்வு 45 பாகையை நெருங்கும், குணகம் 0.98. நல்ல டயருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.8 முதல் 1 வரை இருக்கும். மழையில் நனைந்தால் அது சுமார் 0.5 ஆகக் குறையலாம். மலையிலிருந்து உதிர்ந்த பொடிக்கற்கள் பரவிக் கிடந்தால் இன்னும் குறைவு. அதாவது 40 கி.மீ. வேகத்தில் காலையில் இனிதாகத் திரும்பிய அதே வளைவில், மாலை மழைக்குப் பின் அதே வேகத்தில் திரும்பவே முடியாது! எடை குறைந்த வண்டி, எடை மிகுந்த வண்டி என்ற வேறுபாடும் இதில் இல்லை. கணக்கில் நிறை இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

திரும்புவதற்கும் நிற்பதற்கும் டயருக்கு உதவுவது ஒரே உராய்வுதான். வளைவின் நடுவில் பிரேக்கைப் பலமாக அழுத்தினால், திரும்புவதற்கு வேண்டிய உராய்வு போதாமல் டயர் வழுக்கிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

கடல் அனுப்பும் மழை

மழையும் இங்கே சாதாரணமாக வருவதில்லை. கோடை முழுவதும் வெயிலில் காய்ந்த மத்தியதரைக் கடல் இலையுதிர் காலத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதிலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து பெருமழையாகக் கொட்டும். 2020 அக்டோபர் 2 அன்று வந்த அலெக்ஸ் புயலின்போது, தினேக்கு அருகில் உள்ள வெசூபி பள்ளத்தாக்கில் ஒரே நாளில் சுமார் 500 மி.மீ. மழை பெய்தது. ஆறுகள் பெருகி வீடுகளையும் பாலங்களையும் சாலைகளையும் அடித்துச் சென்றன, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. எனவே இப்பகுதியில் பயணம் செய்வோர் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் மலையேறுவதில்லை.

மலையின் உயரம், வளைவின் ஆரம், சாலையின் ஈரம் ஆகிய எதனையும் ஓட்டுபவரால் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது வேகம் ஒன்றே. அந்த வேகம் வர்க்கமாகக் கணக்கில் நுழைவதால், சிறிது குறைத்தாலும் பெரிய பாதுகாப்புக் கிடைக்கிறது.

மாணவ நண்பர்களே, 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எவ்வளவு சாய வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை 35 பாகைக்கு அருகில் வந்தால் சரி. நனைந்த சாலையில் அந்த வேகம் தகுமா என்பதற்கான விடையும் அதே கணக்கில் இருக்கிறது.