பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

உலாப் படிக்கும் மாணாக்கர் மகளிர்க்குரிய ஏழு பருவங்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் ஆண்டுக் கணக்கிலே தம்முட் சிறிது மாறுபடும். எனினும் பேரிளம்பெண் 40 வயதளவில் நின்றுவிடுகின்றாள். அதன்மேற் பருவப்பெயர் இல்லை. உலா காதற் பிரபந்தம். அங்கே மூதாட்டியைத் தேடுதல் முறையன்று என்பதை யானும் அறிவேன். ஆயினும் இலங்கையின் பிறப்பிறப்புக் கணக்குகளைப் பார்த்தபின், அந்த 40 என்னும் எல்லை என் மனத்தை விட்டகலவில்லை.

1920–22 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறக்கும்போது எதிர்பார்க்கத்தக்க ஆயுள் ஆணுக்கு ஏறத்தாழ 33 ஆண்டு, பெண்ணுக்கு 31. 1946 இல் ஆணுக்கு 44, பெண்ணுக்கு 42. குழந்தைகள் பலர் இறந்தமையாலே தாழ்ந்த சராசரிகள் இவை; யாவரும் அவ்வயதில் மாண்டனர் என்று கொள்ளலாகாது. கவனிக்கத்தக்கது வேறு. பிறநாடுகள் பலவற்றிற் பெண்ணே ஆணினும் நீண்டு வாழ, இங்கே அவள் முந்திப் போனாள்.

பிள்ளைப்பேறு இதற்கு ஒரு பெருங்காரணம். 1946 இல் 1,000 பிறப்புக்கு ஏறத்தாழ 15 தாய்மார் இறந்தனர். ஏழெட்டுப் பிள்ளை பெறுபவள் அந்த அபாயத்தை ஏழெட்டு முறை கடத்தல் வேண்டும். அதுவும் மலேரியாவாற் சோகை பிடித்த உடம்போடு. கணவனுக்கு முன் போதலையே பாக்கியமென்று வாழ்த்திய சமுதாயத்தில், அவ்வாழ்த்து அளவுக்கு மிஞ்சிப் பலித்தது போலும்!

1940களின் பிற்பகுதியில் நிலை மாறிற்று. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கினர். வைத்தியசாலைகள் கிராமங்களை அணுகின. 1950 இல் தாய்மார் இறப்பு 1,000 பிறப்புக்கு 6க்குட்பட்டது. இதிற் பெரும் புகழை வீடுவீடாகச் சென்ற பயிற்றப்பட்ட மருத்துவிச்சிக்கே கொடுப்பேன். 1945 இல் வந்த இலவசக் கல்வியையும் மறத்தலாகாது. பெண்பிள்ளை படித்தாள், மணவயது உயர்ந்தது, பேறுகள் குறைந்தன.

1960களிற் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை விஞ்சியது. 2011–13 கணக்கில் ஆணுக்கு 72. பெண்ணுக்கு 78க்கு மேல். இவ்விடைவெளி முழுவதும் பெண்ணின் ஆக்கமன்று. மது, புகை, விபத்து இவற்றால் ஆண் இழந்ததும் அதனுள் அடங்கும்.

ஆக, பேரிளம்பெண்ணுக்கு அப்பால் ஏறக்குறைய இன்னொரு 40 ஆண்டு வாழ்வு. மணமகன் வயதில் மூத்தவனாதலின், அதன் கடைப்பகுதியைப் பலர் கைம்மையிலே கழிக்கின்றனர். 1958 இல் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி சம்பளம் பெற்றார்க்கு உதவும். அடுப்படியிலே ஆயுளைக் கழித்தவள் பெயரில் அங்கே கணக்கில்லை.

தொல்காப்பியர் தலைவியைக் கிழவி என்பர். கிழமை உரிமையாதலின், உரிமையுடையாள் என்பது பொருள். இன்றைய வழக்கில் அச்சொல்லில் வயது மாத்திரமே எஞ்சியுள்ளது. சீதனக் காணியையும் வீட்டையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கும் அவர்கள் கையை எதிர்பார்த்திருக்கும் மூதாட்டியர் பலரை யான் அறிவேன்.