நிலைப்பதிவிலிருந்து தனிக்கோப்பை மீட்டல்

பல மாத உழைப்பில் உருவான ஆய்வேட்டின் இயலொன்று கணனியில் தவறுதலாக அழிக்கப்பட்டுவிடுகின்றது. அதனை மீட்கும் வழி யாது, மீட்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் இரு வினாக்களையும் நாம் இணைத்தே நோக்குதல் வேண்டும்.

நிறுவனங்களின் பொதுச் சேமிப்பகங்கள் பலவற்றில் 'ஸ்நப்ஷொட்' எனப்படும் நிலைப்பதிவு வசதி உண்டு. குறித்த கணமொன்றில் சேமிப்பகம் இருந்த நிலையை அது பேணுகின்றது. எனினும் அது முழுப் பிரதியன்று. டேவ் ஹிற்ஸ், ஜேம்ஸ் லௌ, மைக்கல் மல்கம் ஆகியோர் 1994இல் விவரித்த 'வஃபில்' கோப்பு முறைமையில், தரவு மாற்றப்படும்பொழுது புதியது வேறிடத்தில் எழுதப்படுகின்றது. நிலைப்பதிவு சுட்டிநிற்கும் பழைய பகுதிகள் அழியாதிருக்கும். ஆதலின் தொடக்கத்தில் அது மிகச் சிறிதளவு இடத்தையே கொள்கின்றது. மாற்றங்கள் பெருகப் பெருகவே இடத்தேவையும் பெருகும்.

மீட்டலில் இரு வழிகளை வேறுபடுத்தல் அவசியம். ஒன்று, சேமிப்பகம் முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்புதல். இதனால் இழந்த இயல் கிடைக்கும். ஆயின் அக்கணத்தின் பின்னர் ஏனையோர் எழுதியவை யாவும் மறைந்துவிடும். ஒருவரது தவறுக்குப் பலரது உழைப்பைப் பலியிடுவதே இது.

மற்றையது, தேவையான கோப்பை மாத்திரம் பிரதிசெய்தல். 'வஃபில்', 'இசட்.எஃப்.எஸ்.' போன்ற முறைமைகளில் நிலைப்பதிவுகள் புள்ளியில் தொடங்கும் பெயருடைய தனி அடைவினூடாகக் காணப்படும். அது வழமையான பட்டியலிற் தோன்றாதிருக்கலாம். பெயரைத் தட்டச்சிட்டே உட்புகவேண்டும். இழப்புக்கு முந்திய நிலைப்பதிவைத் தேர்ந்து, கோப்பை வேறு பெயரிற் பிரதிசெய்து, இன்றைய வடிவத்தோடு ஒப்பிடுதல் நன்று. நிலைப்பதிவு வாசிப்புக்கு மட்டுமே உரியது. எனவே மூலத்துக்குப் பங்கம் நேராது. அவ்வடைவு பயனாளருக்குத் திறந்திருப்பின், எழுதியவரே நிருவாகியின் தயவின்றித் தம் உழைப்பின் விளைபொருளை மீளப்பெறலாம். இதுவே இம்முறையின் சனநாயகப் பண்பு எனலாம்.

எனினும் அப்பண்பு முழுமையானதன்று. எத்தனை மணிக்கொருமுறை பதிவெடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, அடைவைத் திறந்துவிடுவதா என்பவற்றை நிருவாகமே தீர்மானிக்கின்றது. இரு பதிவுகளுக்கிடையே தோன்றி அழிந்த கோப்பு எதிலும் இராது. எனவே இத்தீர்மானங்களில் எழுதுவோரும் பங்குகொள்ளல் வேண்டும்.

நிலைப்பதிவு மூலத்தின் அதே வட்டுக்களிலேயே தங்கியிருப்பதும் மனங்கொள்ளத்தக்கது. வட்டுக்கள் அழிந்தால் இரண்டும் ஒருங்கே அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் மீளாதொழிந்தன. பிறிதோரிடத்துப் பிரதிக்கு நிலைப்பதிவு ஈடாகாது என்பதை நாம் அறிய வேறு சான்று வேண்டியதில்லை.