உங்களுக்குத் தெரியுமா? கடல்மீன் தொட்டிக்கு ஏற்ற மணல்

● பகாங் மாநிலத்து மலையூரான திரிங்காப்பின் ஓடைகளில் அள்ளும் மணல் பெரும்பாலும் கருங்கல் பொடிந்து உருவானது. அந்த ஊர் இருக்கும் தித்திவங்சா மலைத்தொடரே கருங்கல் மலைதான். இந்த மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவதில்லை. அதனால் கடல்மீனுக்குக் கெடுதலும் இல்லை, உதவியும் இல்லை. ஆனால் காய்கறித் தோட்டங்களைத் தாண்டி வரும் ஓடை என்றால் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். அந்த மணலைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

● அந்த மலையில் விளையும் தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. கடல்நீரின் பி.எச். 8.1-ஐ ஒட்டியது. பி.எச். ஒன்று கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்படியானால் தேயிலை மண்ணுக்கும் கடலுக்கும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம்! தொட்டியில் மீன் கழிவும் மிச்சத் தீனியும் சிதையச் சிதைய அமிலம் கூடும். பவள மணலிலும் சிப்பித் தூளிலும் உள்ள கால்சியம் கார்பனேட் மெல்லக் கரைந்து அதை ஓரளவு ஈடுகட்டும். ஓரளவுதான். தண்ணீர் மாற்றும் வேலை குறையாது.

● எது எந்த மணல் என்று அறிய வினிகர் போதும். காய்ந்த மணலை ஒரு கரண்டி எடுத்துச் சில சொட்டு விடுங்கள். நுரைத்துச் சீறினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சும்மா இருந்தால் சுண்ணாம்பு இல்லாத மணல்.

● ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மணிகள் பெரும்பாலான தொட்டிகளுக்குப் பொருந்தும். மாவு போன்ற மணலை பம்பு கிளப்பிவிடும். பருக்கைகள் பெரிதானால் இடுக்கில் தீனி தங்கி அழுகும். மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் கோபி மீன் வளர்ப்பவர்கள் மட்டும் நைசான மணலையே வாங்குங்கள். கூர்மையான துணுக்குகள் அதன் வாயைக் கிழித்துவிடும்.

● கடற்கரை மணல் எல்லாமே கடல்மீனுக்கு ஆகாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் உள்ளன. மோனசைட்டில் இருப்பது கதிரியக்கம் உள்ள தோரியம்.

● பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு கிளிமீன் வயிற்றிலிருந்து வந்தது! பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்று, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேலும் தரும்.

● பகாங் மாநிலத்துக்கும் பவளம் உண்டு, தியோமான் தீவைச் சுற்றி. அது கடல் பூங்கா. அனுமதியின்றி அங்கே பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுப்பாடு ஏன் என்று மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் புரியும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பல்லாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகளும் இன்று நீருக்கடியில்.

● கடையில் மணல் வாங்கும்போது அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, பஹாமாஸின் ஊலைட் மணல், கடல்நீரிலுள்ள சுண்ணாம்பே படிந்து படிந்து உருண்ட மணி. உயிருள்ள பவளத்தை உடைத்து எடுப்பதல்ல.