முடி இறங்கும் நாளில் கோப்பை கழுவியவருக்கு மரியாதை



"சனிக்கிழமை எங்களுடைய அரசர் பதவி இறங்குகிறார், நீயும் வா" என்று என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் கூப்பிட்டபோது மனிசனுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நினைத்தேன். நானும் அவரும் ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர ஷிவ்ற். மெஷினால் விழுகிற வாளிக்குக் கைபிடி கொழுவுவது என் வேலை. அவர் பெட்டிகளை அடுக்கி லொறியில் ஏற்றுவார். அறுபது வயது தாண்டிவிட்டது. அதிகம் கதையாத மனிதர். பத்து வருடம் பக்கத்தில் நின்றும் அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னுடையது தெரியாது, அது வேறு கதை.

அரசர் என்றால் உண்மை அரசர் இல்லை. 1966ஆம் ஆண்டு மே முதலாம் திகதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பேர்க்லி நகரில், டயனா பாக்ஸன் என்ற பெண்ணின் வீட்டுப் பின்வளவில் சில இளைஞர்கள் பழங்கால உடுப்போடு ஒரு விருந்து வைத்தார்கள். கேடயமும் வாளுமாகச் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த இருபதாம் நூற்றாண்டே எங்களுக்கு வேண்டாம் என்று தெருவில் ஊர்வலமும் போனார்கள். அடுத்த முறை பூங்காவில் இடம் எடுக்கச் சங்கத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 'சொசைற்றி ஃபோர் கிரியேற்றிவ் அனாக்ரனிசம்'. 1600க்கு முந்திய வாழ்க்கையைச் செய்து பார்த்துப் படிக்கிற சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகத்தை இருபது இராச்சியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருக்கும் எம்மவர்கள் தங்களுக்கே தெரியாமல் 'டிராக்கன்வால்ட்' இராச்சியத்தில் வாழ்கிறார்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 'லோக்காக்'. ஒன்ராறியோவின் பெரும்பகுதி 'எல்டோர்மியர்', அது 1998இல் தனி இராச்சியமானது. எங்கள் ரொறன்ரோவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இயோஃபர்விக்'. இங்கிலாந்தின் யோர்க் நகருக்கு இருந்த பழைய பெயர் அது. 1834 வரை ரொறன்ரோவுக்கும் யோர்க் என்றுதானே பெயர்!

அரசராவதற்குப் பரம்பரை தேவையில்லை. போட்டியில் வெல்ல வேண்டும். இரும்புக் கவசம் உண்மையானது, ஆனால் வாள் பிரம்பு. ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத மொத்தப் பிரம்பைப் பட்டியால் சுற்றியிருப்பார்கள். பிரம்பு முறிந்தாலும் கூராகச் சிலும்பாது, நாராகத்தான் பிரியும் என்பதால் அதைத் தெரிந்தார்களாம். பிரம்பின் குணம் எங்களுக்கு வாத்திமார் முதலே காட்டித் தந்துவிட்டார்கள். இதில் என்னை வியக்க வைத்த விடயம் என்னவென்றால், அடி சரியாகப் பட்டதா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவர்தான். அதை நடுவர் தீர்மானிப்பதில்லை. "பட்டது" என்று தானே சொல்லி விழ வேண்டும். வென்றவரும் அவர் யாருக்காகச் சண்டை பிடித்தாரோ அவரும் முதலில் பட்டத்துக்குரியவர்களாக இருந்து பிறகு முடி சூடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் ஆட்சி. பிறகு இறங்கத்தான் வேண்டும்.

உள்ளே போக 1600க்கு முந்திய உடுப்பு வேண்டும். இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்க ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். நான் கேட்டேன், "எங்கட ஊர் உடுப்பு சரிவருமோ?" அவர் யோசித்துவிட்டு, "அது எத்தனை வருடம் பழையது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கலியாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியும் சால்வையுமாகப் போனேன். கனடாவில் கோயிலுக்கு வெளியே நான் வேட்டியோடு நின்றது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற பெண் சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்து, எப்படி நெய்வார்கள் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

மண்டபம் சாதாரண மண்டபம். எங்கள் ஆட்கள் பிறந்தநாள் விழா வைக்கிற மாதிரியான ஒன்று. சுவரெல்லாம் கொடி தொங்கவிட்டு, மேடையில் இரண்டு மரச் சிம்மாசனம். கட்டியக்காரர் குரல் எடுத்தவுடன் சனம் எழுந்து தலை குனிந்தது. அரசருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

கடைசி அரசவையில் அரசர் தன் வீரத்தைப் பற்றி ஏதும் பேசவில்லை. ஆறு மாதமும் தங்களைத் தாங்கியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிம்மாசனத்தைத் தன் வானில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு திரிந்தவர். அரசியின் மேலங்கியைத் தைத்தவர். சண்டைக்காரருக்குத் தண்ணீர் சுமந்த இரண்டு பெடியன்கள். யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்ற அட்டவணையைக் காவியவர். பட்டயம் எழுதியவர்கள். இந்தப் பட்டயங்கள் கையெழுத்தால் எழுதி, வர்ணமும் பொன்தகடும் இட்டவை. ஒன்றுக்கு வாரக்கணக்கில் இரவிருந்து வேலை செய்கிறார்கள், சதம் கூட வாங்குவதில்லை. அரசி தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றித் தன் தோழி ஒருத்தியின் கையில் வைத்தாள். இருவரும் அழுதார்கள். நாடகம் என்று தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு கட்டியக்காரர் ஒரு பெயர் சொன்னார். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் முறை சொன்னார். சனம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஈரக் கையோடு, ஏப்ரனோடு, எங்கள் லொறிக்காரர் வந்தார்.

அவருக்குக் கொடுத்தது 'பெலிக்கன்' என்ற விருது. பெலிக்கன் என்றால் எங்கள் கூழைக்கடா. அது தன் நெஞ்சைக் கொத்தி இரத்தத்தைக் குஞ்சுக்கு ஊட்டும் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர் நம்பினார்கள். பறவை அப்படி ஒன்றும் செய்வதில்லை, ஆனாலும் சேவைக்கு அடையாளமாகிவிட்டது. சண்டையில் சிறந்தவருக்கு நைற் பட்டம், கலையில் சிறந்தவருக்கு லோரல், சேவையில் சிறந்தவருக்குப் பெலிக்கன். மூன்றும் ஒரே தரம். கோப்பை கழுவுகிறவர் வாள் பிடிக்கிறவருக்குக் கீழே இல்லை. ஏற்கனவே அந்த விருது பெற்றவர்களிடம் அரசர் யோசனை கேட்பார். சாதாரண ஆட்களும் இன்னாருக்கு இன்ன மரியாதை தகும் என்று எழுதி அனுப்பலாம். முதல் நாள் இரவு அவரைத் தனியே இருத்தி, ஒவ்வொருவராக உள்ளே போய்ப் புத்தி சொல்லிவிட்டு வந்தார்களாம். அது தெரிந்தும் மனிசன் காலையில் கழுவப் போய்விட்டார்!

இருபத்திரண்டு வருடம் பின்னுக்கு நின்று பாத்திரம் கழுவினார், கூடாரம் இறக்கினார், கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் போனார் என்று பட்டயத்தை வாசித்தார்கள். அவர் முழங்காலில் நின்றபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றின் கலைவிழாவுக்கு ஆறு வருடம் நான் கதிரை அடுக்கினேன். என் மனைவி ஒரு முறை நானூறு வடை சுட்டாள். கை பொங்கிவிட்டது. நன்றியுரையில் பொன்னாடை யார் யாருக்கோ போனது. எங்களுக்கு வந்தது, "பெயர் குறிப்பிட மறந்த ஏனைய அனைவருக்கும்". ஏழாம் வருடம் நான் போகவில்லை. எதற்கு வரவில்லை என்றும் ஒருவரும் கேட்கவில்லை. பெயருக்காகச் செய்யவில்லை என்று மனைவி சொல்லுவாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று அந்த மண்டபத்தில் வேட்டியோடு நின்றபோது, பெயருக்கு ஆசைப்பட்டதை எனக்குள் ஒப்புக்கொண்டேன். பட்ட அடியை நான்தானே சொல்ல வேண்டும்.

கடைசியில் அரசரும் அரசியும் தங்களுக்குச் சேவை செய்தவர்களை அந்தக் கடமையிலிருந்து விடுவித்து, முடியைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். கொஞ்ச நேரம் சிம்மாசனம் வெறுமையாக இருந்தது. பிறகு புதியவர்கள் வந்தார்கள். ஒருமுறை ஆண்டவர் 'கவுண்ட்', இரண்டு முறை ஆண்டால் 'டியூக்'. அந்தப் புதுக் கவுண்ட் பின்னேரம் என் மறுபக்கத்தில் நின்று மேசை மடித்தார். "வேட்டி கவனம், நண்பரே" என்றார்.

திங்கட்கிழமை லொறிக்காரர் வழக்கம்போல வந்து பெட்டி அடுக்கினார். விருதுச் சங்கிலியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டிக்குள் துவாயில் சுற்றி வைத்திருந்தார்.

போன கிழமை சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த முறை கதிரை அடுக்க ஆள் காணாது, ஒருக்கா வாருமன்."

"வாறன் அண்ணை. ஆனா நன்றியுரையை நான்தான் எழுதித் தருவன், சமையலறைப் பெயரெல்லாம் இருக்கும்" என்றேன்.

"அது நீண்டிடுமே தம்பி, கமிற்றியில கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

இன்னும் பதில் வரவில்லை. நாற்பத்தொரு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மனைவியின் பெயரை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.